பேட்டரி போச்சுன்னா என்ன செய்யணும்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில், மின்பொறியியல் படித்த பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேட்டரியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரிக்கிறார்கள். நம்ம வயசுல எல்லாருக்கும் பேட்டரி கொஞ்சம் டவுன்தான். அதுக்கு டாக்டர்கிட்டதான் போகணும். நான் பேசவந்தது வண்டி பேட்டரியைப் பற்றி.

ஸ்ரீரங்கம் பெரிய கோயில் 156 ஏக்கர். ஏழு பிராகாரம், 21 கோபுரம். 1987-இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே நடக்கத் தொடங்கும் 75 வயது அம்மாவுக்கு, தாயார் சன்னதி வரை போய்த் திரும்புவது லேசான காரியமா? அதனால்தான் அங்கே முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பேட்டரி கார் ஓடுகிறது. அமெரிக்காவில் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்காகப் பிறந்த வண்டி, நம் ஊரில் கோயில், ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, கல்லூரி வளாகம் என்று முழங்கால் வலிக்காரர்களுக்கு வாகனமாகிவிட்டது. நல்ல மாற்றம்தான்.

ஆனால் ஒன்று கவனித்திருப்பீர்கள். வண்டியை நன்கொடையாகக் கொடுக்கப் பலர் வருவார்கள். முன்பக்கம் பேர் எழுதி, மாலை போட்டு, போட்டோ எடுப்போம். மூணு வருஷம் கழிச்சு பேட்டரி போனால் அதை வாங்கிக்கொடுக்க ஆள் கிடைக்காது. பேட்டரி மேல பேர் எழுத முடியாதே! வண்டி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கொட்டகையில் நிற்கும். அந்த அம்மா மறுபடியும் நடப்பார். நம்மைப் போன்ற சங்கங்கள் உதவ வேண்டிய இடம் இதுதான். உதவும்போது சரியாக உதவ வேண்டும். அதற்குத்தான் இந்த நாலு வார்த்தை.

முதல் விஷயம். பழைய பேட்டரி ஏன் செத்தது என்று தெரியாமல் புதிய பேட்டரி வாங்காதீர்கள். சார்ஜர் கெட்டிருந்தால் அது புதுசையும் கொன்றுவிடும். 48 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் பேட்டரி எட்டோ, 8 வோல்ட் ஆறோ, 12 வோல்ட் நாலோ இருக்கும். எல்லாம் தொடராக இணைத்தவை. சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமானால் சங்கிலியே பலவீனம். முழு சார்ஜ் போட்டு, சில மணி நேரம் ஆறவிட்டு, ஒவ்வொரு பேட்டரியையும் மல்டிமீட்டரில் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி என்றால் ஏறக்குறைய 12.6 காட்ட வேண்டும். பிறகு ஆளை ஏற்றி ஓட்டும்போது பாருங்கள். ஒன்று மட்டும் சட்டென்று விழுந்தால் குற்றவாளி அதுதான். எல்லாம் சேர்ந்து விழுந்தால் ஆயுள் முடிந்தது, அல்லது சார்ஜர் சரியில்லை என்று பொருள்.

"அந்த ஒண்ணை மட்டும் மாத்திடலாமே சார்?" என்று கேட்பார்கள். மற்றவை வாங்கி ஆறு மாதத்துக்குள் என்றால் மாற்றலாம். இரண்டு வருஷம் ஓடியவற்றோடு புதுசைச் சேர்த்தால், கிழ மாடுகளோடு இளங்கன்றை ஏரில் பூட்டியது போலத்தான். புதுசும் சீக்கிரம் கெடும். வாங்கினால் முழு செட், ஒரே கம்பெனி, ஒரே மாடல், கூடியவரை ஒரே மாதத் தயாரிப்பு.

இரண்டாவது, எந்த வகை? விலை குறைவு என்று கார் பேட்டரியை மாட்டிவிடுகிறார்கள். கார் பேட்டரி ஓட்டப்பந்தயக்காரன். இன்ஜினைக் கிளப்ப சில விநாடி நிறைய கரண்ட் கொடுக்கும். உள்ளே மெல்லிய தகடுகள். நம் வண்டிக்கு வேண்டியது பாரம் சுமக்கிற ஆள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, ராத்திரி மறுபடி நிரம்ப வேண்டும். அதற்குத் தடித்த தகடு, அல்லது டியூபுலர் தகடு உள்ள டீப் சைக்கிள் பேட்டரி, டிராக்‌ஷன் பேட்டரி என்று கேட்டு வாங்க வேண்டும்.

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஆம்பியர்-அவர் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அது எத்தனை மணி நேரக் கணக்கு என்று கேளுங்கள். 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் 225 கொடுக்கும் 6 வோல்ட் பேட்டரி, 5 மணி நேரத்தில் எடுத்தால் 185 தான் கொடுக்கும். இரண்டும் உண்மையான எண்தான். வண்டிக்குப் பொருந்துவது 5 மணிக் கணக்கு. இரண்டு கொட்டேஷனை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு பெரிசு வேண்டும்? சார்ஜர் ப்ளக்கில் ஒரு சின்ன யூனிட் மீட்டர் மாட்டி ஒரு வாரம் எழுதி வையுங்கள். தினமும் 5 யூனிட் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் ஏறுவதில் ஏறக்குறைய கால் பங்கு வீணாகும். ஆக வண்டி எடுத்தது 3.75 யூனிட். 48 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் என்றால் மொத்தம் 7.2 யூனிட். ஏறக்குறைய பாதி செலவாகிறது. ஈய-அமில பேட்டரியில் பாதியோடு நிறுத்தினால் நீண்ட நாள் உழைக்கும். தினமும் அடிமட்டம் வரை உறிஞ்சினால் ஆயுள் பாதியாகக் குறையும். வைகுண்ட ஏகாதசி மாதிரிக் கூட்ட நாளையும் கணக்கில் சேருங்கள்.

மூன்றாவது, லித்தியம் போடலாமா என்ற கேள்வி. இந்த வண்டிகளுக்கு ஏற்றது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். டெக்சாஸில் குட்இனஃப் அவர்களோடு பாதி, நஞ்சுண்டசுவாமி என்ற இரண்டு நம்மவர்களும் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. எடை ஈயத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆயிரக்கணக்கில் சார்ஜ் தாங்கும். ஆனால் பழைய சார்ஜரைப் போடக்கூடாது. அதற்கென்றே சார்ஜரும், செல்களைக் காவல் காக்கும் மின்னணுப் பலகையும் வேண்டும். பெட்டி ஆடாமல் இறுகப் பொருத்த வேண்டும்.

விலை? கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள் இவை. செட் 60,000 ரூபாய், 400 சார்ஜ் தாங்கினால், ஒரு சார்ஜுக்கு 150 ரூபாய். 80,000 ரூபாய்க்கு 800 தாங்கினால் 100 ரூபாய். லித்தியம் சார்ஜரோடு 1,80,000, 2,000 தாங்கினால் 90 ரூபாய். எது மலிவு? தினமும் ஓடும் வண்டிக்கு லித்தியம் கட்டுப்படியாகும். வாரத்தில் ஒரு நாள் ஓடும் வண்டியில், 2,000 சார்ஜ் முடிய 38 வருஷம் ஆகும்; அதற்குள் வண்டியே இருக்காது! அங்கே நல்ல ஈய பேட்டரி போதும். கொட்டேஷன் வாங்கும்போது விலையோடு உத்தரவாதத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

நான்காவது, யார் பார்த்துக்கொள்வது? ஈய பேட்டரி வாங்கினால் மாதம் இரண்டு தடவை தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு ஆள் வேண்டும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். காவேரித் தண்ணி நமக்கு அமிர்தம், பேட்டரிக்கு விஷம். அதிலுள்ள உப்பு தகட்டைக் கெடுத்துவிடும். தகடு வெளியே தெரிந்தால் மூழ்குமளவு ஊற்றிவிட்டு சார்ஜ் போடுங்கள். மற்றபடி சார்ஜ் முடிந்தபின் ஊற்றுங்கள். நம் ஊர் வெயிலில் தகரக் கொட்டகை வேண்டாம். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களின் பொதுக் கணக்கு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். அங்கே விளக்கு, கற்பூரம், பீடி எதுவும் கூடாது.

பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடாதீர்கள். தெருவோரம் உருக்கும் ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் கடமை. புதுசு வாங்கும் இடத்திலேயே கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் எழுந்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகம் பக்கத்தில் காரைக்குடியில் இருக்கிறது. பேட்டரி படிக்க வெளிநாடு போக வேண்டியதில்லை. அதற்கு முன், ஒரு மல்டிமீட்டரும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு, நின்றுபோன ஒரு வண்டியைப் போய்ப் பாருங்கள். எது செத்தது, ஏன் செத்தது என்று எழுதிக் கொடுங்கள். பணத்துக்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். வண்டி ஓடினால் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்துகொண்டு போவார்கள். அந்தப் புண்ணியம் போதும்.