அப்பாவின் மினி புல்லட்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

மூன்று மாதமாக பார்க்கிங்கில் என்ன தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பலர் கேட்டீர்கள். அது என் அப்பா ஓட்டிய மினி புல்லட். 200 சிசி, டூ ஸ்ட்ரோக். நம் பக்கத்து ஊர் திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனியின் வண்டி.

டேங்க் துருவை எடுத்து, கார்புரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றினேன். நாலாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. அந்த அவசரத்தில் பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் ஜாம்.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் இன்ஜின் ஆயில் தனியாக இருக்கும். இதில் பெட்ரோல் கிராங்க் அறை வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகும். அதில் கலந்த டூ-டி ஆயில்தான் பேரிங்கையும் பிஸ்டனையும் காப்பாற்றும். இப்போது லிட்டருக்கு 40 மில்லி அளந்து ஊற்றுகிறேன். ஓவர்சைஸ் பிஸ்டனுக்காகப் புதுப்பேட்டையில் இரண்டு ஞாயிறு அலைந்து, சிலிண்டரை ரீபோர் செய்தேன்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று. பெட்ரோல் கேனை கரண்ட் மீட்டர்களுக்குக் கீழே வைத்திருந்தேன். வாசனை பிடித்துச் சொன்னவர் நம் வாட்ச்மேன் அண்ணன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு பரவி, தள்ளியிருக்கும் பொறியிலும் பற்றிக்கொள்ளும். மேலே நாம் எல்லோரும் தூங்குகிறோம். அவருக்கு என் நன்றி; உங்களிடம் மன்னிப்பு.

இனி பெட்ரோல் வேலையும், புகை வரும் ஸ்டார்ட்டிங்கும் காம்பவுண்டுக்குள் கிடையாது. ஆர்.சி. புதுப்பித்த பிறகுதான் ரோட்டில் ஓட்டுவேன்.

உங்களில் யாராவது பழைய வண்டியை மூடி வைத்திருந்தால், முதலில் திறந்த வெளிக்குத் தள்ளிப்போய் டேங்கைக் காலி செய்யுங்கள். பிறகு என்னைக் கூப்பிடுங்கள், ஸ்பேனரோடு வருகிறேன்.