மூடுமுன் மேலே பார்ப்போம்

(தோட்டக் குடியிருப்பாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தோட்ட வீடுகளில் அஞ்சடி என்பது வெறும் வாசற்பகுதியன்று. வேலைக்காட்டிலிருந்து திரும்புவோர் களைப்பாறுவதும், பிள்ளைகள் பாடம் படிப்பதும், விருந்தினர் வந்து அமர்வதும் அங்கேதான். தகரக் கூரையின் வெப்பமும் மழையின் இரைச்சலும் தணியும்பொருட்டு, அங்கே பலகையால் உட்கூரை அமைக்க நம்மில் பலர் விரும்புகிறோம். விருப்பம் நன்று. ஆயினும், உட்கூரை மேலுள்ள குறைகளை நம் கண்ணுக்கு மறைத்துவிடும் என்பதை நாம் மறத்தலாகாது. ஒழுகும் கூரையின் கீழ் அடித்த பலகை, நம் சேமிப்பைக் கரைப்பதோடு, கீழே அமரும் பிள்ளைகளுக்கும் ஆபத்தாகும்.

ஆகவே, மழை பெய்யும் வேளையில் முதலில் கூரையைக் கவனிப்போம். ஒழுகல் உண்டா? கறையானின் மண் தடம் உண்டா? உத்திரத்தைத் திருப்புளியின் முனையால் குத்திப் பார்ப்போம். முனை எளிதில் இறங்கினால் அம்மரம் உளுத்துவிட்டது. அதை மாற்றிய பின்னரே மேற்கொண்டு செல்லவேண்டும். வீடு நிர்வாகத்துக்கு உரியதாயின், அனுமதி பெறுவதோடு ஒழுகலைச் சீர்செய்யும்படியும் எழுத்து மூலம் கேட்போம். கூரை பழைய அஸ்பெஸ்டாஸ் தகடாயின் அதைத் துளைக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரல் நோய்களை உண்டாக்கும்.

அடுத்து, பலகை. நம் கண்ணெதிரே நிற்கும் ரப்பர் மரத்தையே அறுத்துப் பயன்படுத்தலாமே என எண்ணத் தோன்றும். அதில் மாவுச்சத்து மிகுதி. மருந்தேற்றாத பலகையை வண்டு விரைவில் துளைத்துவிடும். மருந்தேற்றி உலர்த்திய மெராந்திப் பலகை ஏற்றது. வாங்கியவுடன் அடித்துவிடாமல், இடையிடையே குச்சி வைத்து இரண்டு வாரம் நிழலில் அடுக்கி வைப்போம். பின்னர் இரு பக்கமும் வார்னிஷ் பூசுவோம். மேற்பக்கம் கண்ணுக்குத் தெரியாதென விட்டுவிட்டால், ஈரம் அவ்வழியே ஏறிப் பலகை வளையும்.

குறுக்குச் சட்டங்களை இரண்டு அடிக்கு மேற்படாத இடைவெளியில் உறுதியாகப் பொருத்தவேண்டும். திறந்த அஞ்சடியில் காற்று கீழிருந்தும் தூக்கும் என்பதால், சட்டத்தைத் தாங்க வெறும் ஆணி போதாது, திருகாணி வேண்டும். பலகையை அடிக்கத் துத்தநாகம் பூசிய ஆணியே நன்று. அது எளிதில் துருப்பிடிக்காது. மழைக்காலத்தில் மரம் அகலத்தில் விரியுமாதலால், சுவரோரம் அரை அங்குலம் இடம் விட்டு, மெல்லிய ஓரச்சட்டத்தால் மறைப்போம். இரவில் தகரத்தின் அடியில் நீர் துளிர்ப்பதுண்டு. அது உலர, எதிரெதிர் ஓரங்களில் காற்று வழி விட்டு, பறவையும் வௌவாலும் புகாதவாறு வலை அடிப்போம். விளக்குக் கம்பியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைப்போம்.

இறுதியாக ஒன்று. ஒரு மூலையில் இரண்டடிச் சதுரப் பலகையைத் திருகாணியால் மட்டும் பொருத்தி, கழற்றக்கூடியதாக வைப்போம். ஆண்டுக்கு இருமுறை அதைத் திறந்து, உள்ளே விளக்கடித்துப் பார்ப்போம். மறைந்திருப்பதை அவ்வப்போது திறந்து பார்க்கும் குடும்பத்துக்கு, அந்த உட்கூரை நெடுநாள் நிழல் தரும்.