பனிப்பாதையில் யமேக்கா

யானைக்கும் அடி சறுக்கும் என்பது தமிழர் வழங்கும் பழமொழி. ஆற்றல் மிக்கவரும் ஒரு வேளையில் நிலைதவறுவர் என்பது அதன் கருத்து. ஆனால், சறுக்குவதையே விளையாட்டாகக் கொண்ட ஒரு போட்டியிலே, பனி பெய்தறியாத தீவொன்றின் புதல்வர் நால்வர் பங்குபற்றி, உலகத்தார் கண்முன்னே தலைகீழாக வீழ்ந்தனர். அந்த வீழ்ச்சியை உலகம் இன்றளவும் மறக்கவில்லை. அதன்பின் அவர்கள் எய்திய வெற்றியை அறிந்தவரோ சிலர். இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கும்போதே யமேக்கா நாட்டுப் பனிச்சறுக்கு வண்டி அணியின் பெருமை நன்கு விளங்கும்.

யமேக்கா, கரிபியன் கடலிலே கியூபாவுக்குத் தெற்கே அமைந்த சிறு தீவு. 1962ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அது பிரித்தானிய ஆட்சியினின்றும் விடுதலை பெற்றது. கரும்பும் வாழையும் கோப்பியும் விளையும் வெப்பநாடு அது. அதன் நீலமலைத் தொடரின் உச்சி 2,256 மீற்றர் உயரமுடையது. இலங்கையின் பீதுருதாலகாலை மலையினும் சற்றே தாழ்ந்தது. இத்தகைய நாட்டிலே பனிவிளையாட்டுக்கு இடமேது?

எனினும், ஓட்டக்கலையிலே யமேக்கா மக்கள் பெற்றுள்ள புகழை உலகறியும். 1948ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவில் ஆதர் வின்ற் என்னும் யமேக்கா வீரர் 400 மீற்றர் ஓட்டத்திற் பொற்பதக்கம் பெற்றார். இலங்கையின் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றதும் அதே விழாவிலேயே. அன்று தொடங்கிய யமேக்காவின் ஓட்டப்புகழ் பின்னர் வளர்ந்ததேயன்றிக் குன்றவில்லை. அவ்வோட்டத் திறமையே அந்நாட்டினரைப் பனிப்பாதைக்கும் அழைத்துச் சென்றது.

பனிச்சறுக்கு வண்டிப் போட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே சுவிற்சர்லாந்தின் சென் மோரிற்ஸ் நகரிலே தோன்றியது. 1924ஆம் ஆண்டு பிரான்சின் சமோனி நகரில் நிகழ்ந்த முதலாவது குளிர்கால ஒலிம்பிக் விழாவிலேயே நால்வர் வண்டிப் போட்டி இடம்பெற்றது. இருவர் வண்டிப் போட்டி 1932இல் அதனுடன் சேர்ந்தது. மலைச்சரிவிலே வளைந்து வளைந்து இறங்கும் ஒன்றரைக் கிலோமீற்றர் அளவான பாதையொன்றை அமைத்து, அதன் தளத்தையும் சுவரையும் உறைபனியால் மூடிவிடுவர். வண்டிக்கு உருளை கிடையாது. அதனடியிலே உருக்காலான சறுக்குத் தண்டுகளே உண்டு. அதனை இழுக்க இயந்திரமும் இல்லை. ஏறத்தாழ ஐம்பது மீற்றர் தூரத்துக்கு வீரர்கள் அதனைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஒருவர்பின் ஒருவராகத் தாவி உள்ளே அமர்வர். அதன்பின் வண்டியை ஈர்த்துச் செல்வது புவியின் ஈர்ப்பு ஒன்றேயாம்.

முன்னே அமர்ந்திருப்பவர் இரு கயிறுகளின் முனையிலுள்ள வளையங்களைப் பற்றி வண்டியைச் செலுத்துவார். ஈற்றில் அமர்ந்திருப்பவர் தடையைப் பிடிப்பார். நால்வர் வண்டி, ஏறியுள்ளோரின் நிறையுஞ் சேர்ந்து, 630 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. இரு நாட்களில் நான்கு ஓட்டங்கள் நிகழும். நான்கின் நேரத்தையும் கூட்டி, ஒரு செக்கனின் நூறிலொரு பங்குவரை கணக்கிட்டு வெற்றியைத் தீர்மானிப்பர். ஆகவே தொடக்கத்திலே தள்ளி ஓடும் அந்த ஐந்து செக்கன்களின் பெறுமதி பெரிது. ஆங்கே பெற்ற சிறு முந்துதல், பாதை நீள நீளத் தானும் வளரும். ஆங்கே இழந்ததை இடைவழியில் மீட்டல் அரிது.

இவ்வுண்மையை யமேக்காவோடு பொருத்திப் பார்த்தவர்கள் இரு அமெரிக்கர். ஒருவர், கிங்ஸ்ரன் நகரிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் வாணிப அலுவலராகக் கடமையாற்றிய ஜோர்ஜ் ஃபிற்ச். மற்றவர் வில்லியம் மலோனி என்னும் வணிகர். யமேக்காவிலே சந்தைப்பொருள் ஏற்றும் மரக் கைவண்டிகளை மலைச்சரிவிலே தள்ளிவிட்டு, அவற்றிலேறி விரைந்திறங்கும் பந்தயமொன்று உண்டு. அதனைக் கண்ட இருவர்க்கும் பனிச்சறுக்கு வண்டியின் நினைவு எழுந்தது. தள்ளி ஓடுவதற்கு உலகின் மிகவிரைந்த கால்கள் இந்நாட்டில் உள்ளன. சரிவிலே வண்டி செலுத்தும் துணிவும் உண்டு. பனி ஒன்றுதானே இல்லை என அவர்கள் எண்ணினர்.

முதலில் ஓட்ட வீரர்களை நாடினர், அவர்கள் முன்வரவில்லை. பின்னர் யமேக்காப் பாதுகாப்புப் படையினரை அணுகினர். படையிலே கட்டளைக்குப் பணியும் பண்பும் உடலுரமும் உண்டன்றோ? இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவருள் டட்லி ஸ்ரோக்ஸ் ஹெலிகொப்ரர் விமானி. டெவொன் ஹரிஸ் இங்கிலாந்தின் சான்ட்ஹேஸ்ற் படைக்கல்லூரியிற் பயின்ற இளம் அதிகாரி. மைக்கல் வைற் விரைந்தோடும் வீரர். அமெரிக்காவின் சார்பில் ஒலிம்பிக் விழாவிலே வண்டி செலுத்திய ஹவேட் சைலர் பயிற்றுநராக அமைந்தார். 1987ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் பயிற்சி தொடங்கியது. வீட்டிலே பனியில்லை, ஆதலின் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் ஒஸ்திரியாவுக்கும் சென்று பயின்றனர். ஐரோப்பிய வீரர்கள் இளமை தொட்டுப் பயில்வதை இவர்கள் அரையாண்டுக்குள்ளே கற்கவேண்டியிருந்தது. பணமுங் குறைவு, மேற்சட்டைகளை விற்றும் செலவுக்குப் பொருள் தேடினர்.

1988ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்திலே கனடாவின் கல்கரி நகரிற் குளிர்கால ஒலிம்பிக் விழா தொடங்கியது. முதலில் நிகழ்ந்தது இருவர் வண்டிப் போட்டி. டட்லி ஸ்ரோக்ஸும் மைக்கல் வைற்றும் பங்குபற்றி, நாற்பத்தொரு வண்டிகளுள் முப்பதாம் இடம் பெற்றனர். சில மாதங்களின் முன்னர்தான் பனியைக் கண்டவர்கள், பதினொரு வண்டிகளைப் பின்னிறுத்தினர். இந்தச் செய்தியை ஒருவரும் பெரிதாகப் பேசவில்லை. யாவரும் எதிர்நோக்கியிருந்தது நால்வர் வண்டிப் போட்டியையே.

அப்போட்டிக்கு முன்னதாக அணியில் ஒருவர் காயமுற்றார். நால்வர் வண்டிக்கு ஓர் ஆள் குறைந்தது. தமையனின் போட்டியைப் பார்க்க வந்திருந்தார் கிறிஸ் ஸ்ரோக்ஸ். அவர் அமெரிக்காவிலே பல்கலைக்கழகத்திற் பயின்றுகொண்டிருந்த ஓட்ட வீரர். சறுக்கு வண்டியில் அதற்கு முன் ஏறியவரல்லர். சில நாட்களுக்குள்ளே வண்டியைத் தள்ளவும், தாவி ஏறவும், குனிந்து அமரவும் கற்றுக்கொண்டு, பார்வையாளராக வந்தவர் போட்டியாளரானார்.

முதலிரண்டு ஓட்டங்களும் ஒருவாறு நிறைவேறின. மூன்றாம் ஓட்டத்திலே நால்வரும் வண்டியை வன்மையாகத் தள்ளி விரைந்து புறப்பட்டனர். ஆனால் விரைவை உண்டாக்குதல் வேறு. உண்டான விரைவை ஆளுதல் வேறு. முன்னையது கால்களின் தொழில். பின்னையதோ பல்லாண்டுப் பயிற்சியால் மட்டும் கைவருவது. மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட விரைவிலே, பெரிய வளைவொன்றில் வண்டி பனிச்சுவரின்மீது அளவுக்கு மிஞ்சி உயர்ந்தது. மறுகணம் அது கவிழ்ந்தது. நால்வரின் தலைக்கவசங்களும் பனியிலே உராய, வண்டி கவிழ்ந்தபடியே நெடுந்தூரம் இழுபட்டுச் சென்றது. உயிர் பிழைத்தாரோ எனப் பார்த்தவர் அஞ்சினர்.

வண்டி நின்றது. ஒருவர்பின் ஒருவராக நால்வரும் எழுந்து வெளியே வந்தனர். பாதைப் பணியாளர் வண்டியைத் தள்ளிச் செல்ல, அதன் அருகே அவர்கள் நடந்து பாதையின் முடிவை அடைந்தனர். இருமருங்கும் நின்ற மக்கள் கைதட்டி ஆரவாரித்தனர். டட்லி ஸ்ரோக்ஸ் கூட்டத்தினரிடம் கைகொடுத்துச் சென்றார். நான்காம் ஓட்டம் அவர்களுக்கு இல்லை. போட்டியை நிறைவுசெய்யாத அணி என்றே முடிவுப் பட்டியலில் எழுதப்பட்டது. பொற்பதக்கம் சுவிற்சர்லாந்துக்குச் சென்றது.

கல்கரியிலே மற்றொருவரும் இவ்வாறே புகழ்பெற்றார். இங்கிலாந்தின் எடி எட்வேட்ஸ் என்பார் பனிச்சரிவிலிருந்து பாய்தற் போட்டிகளில் பங்குபற்றி, ஈற்றிடம் பெற்றும் மக்களின் அன்புக்குரியவரானார். ஒலிம்பிக் விழா உலகின் தலைசிறந்தோர்க்கு உரியதா, முயல்வோர் யாவர்க்கும் உரியதா என்னும் கேள்வி அப்போது எழுந்தது. 1990ஆம் ஆண்டு விதி இறுக்கமாயிற்று. பன்னாட்டுப் போட்டிகளிற் குறித்த தரத்தை எய்தியோரே இனி வரலாம் என வரையறுத்தனர். அவ்விதியிலும் நியாயம் உண்டு. ஆபத்து நிறைந்த பாதையிலே ஆயத்தமின்றி இறங்குதல் வீரமாகாது. யமேக்கா வீரர் அவ்விதியைக் குறைகூறிக்கொண்டு வாளாவிருக்கவில்லை. அது கேட்ட தகுதியைத் தேட முற்பட்டனர்.

1992இல் பிரான்சின் அல்பேர்வில் நகரிலே நிகழ்ந்த விழாவில் அவர்கள் மீண்டும் தோன்றினர். நால்வர் வண்டிப் போட்டியில் இருபத்தைந்தாம் இடம் கிடைத்தது. அது சிறப்பான இடமன்று; ஆயினும் இம்முறை வண்டி கவிழவில்லை. நான்கு ஓட்டங்களும் நிறைவேறின.

இதற்கிடையில், 1993ஆம் ஆண்டு, கல்கரிக் கதையைத் தழுவி அமெரிக்காவிலே ஒரு திரைப்படம் வெளிவந்தது. அது உலகெங்கும் ஓடியது. அதிலே வரும் வீரரின் பெயர்கள் கற்பனை. பயிற்றுநரின் கதையும் கற்பனை. பிற நாட்டு வீரர்கள் யமேக்கரை இகழ்ந்ததாக அதிலே காட்டப்பட்டது. உண்மையிலோ பிற அணியினர் வண்டி இரவல் கொடுத்து உதவியதும் உண்டு. கவிழ்ந்த வண்டியை நால்வரும் தோளிலே சுமந்து செல்வதாகவும் படம் காட்டியது. அவர்கள் சுமக்கவில்லை, நடந்தே சென்றனர். கதைக்குச் சுவை வேண்டும். ஆதலால் அதனை ஒருவாறு பொறுக்கலாம். பொறுக்கத்தகாத குறை வேறொன்று. வீழ்ச்சியோடு கதை முடிந்துவிட்டதாகவே உலகம் எண்ணிக்கொண்டது.

திரைப்படம் வெளிவந்து சில மாதங்களே சென்றிருந்தன. 1994ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்திலே நோர்வே நாட்டின் லில்லஹாமர் நகரிற் குளிர்கால ஒலிம்பிக் விழா நிகழ்ந்தது. யமேக்காவின் நால்வர் வண்டியை அங்கும் செலுத்தியவர் டட்லி ஸ்ரோக்ஸே. தம்பி கிறிஸும் உடனிருந்தார். வின்ஸ்ரன் வற்ஸ், வேய்ன் தோமஸ் என்போர் ஏனைய இருவர். கல்கரியிலே கவிழ்ந்த வண்டியினுள் இருந்த நால்வருள் இருவர் ஆறு ஆண்டுகளின் பின் அதே தொழிலை மீண்டும் செய்தனர். நான்கு ஓட்டங்களும் முடிந்தன. யமேக்கா பதினான்காம் இடத்தை எய்தியது. உருசியாவும் பிரான்சும் அதற்குப் பின்னே நின்றன. ஐக்கிய அமெரிக்காவின் வண்டிகளுள் ஒன்று விதிமீறல் காரணமாக விலக்கப்பட்டது. மற்றொன்று யமேக்காவுக்குப் பின்னரே வந்தது. பதக்கம் கிடைக்கவில்லை, பொற்பதக்கம் ஜேர்மனிக்கே உரியதாயிற்று. ஆனால், சிரிப்புக்கு இடமாக வந்தவர்கள் என எண்ணப்பட்டோர், பனியிலே பிறந்து வளர்ந்த நாடுகளை நேர்நின்று முந்தினர்.

அதன் பின்வந்த காலத்திலே ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வந்தன. யமேக்காவுக்காக வண்டி தள்ளிய லசெல்ஸ் பிறவுன் பின்னர் கனடா அணியிற் சேர்ந்து, 2006ஆம் ஆண்டு இத்தாலியின் தூரின் நகரிலே வெள்ளிப் பதக்கமும், 2010இல் வன்கூவரிலே வெண்கலப் பதக்கமும் பெற்றார். யமேக்காவின் கால்கள் பதக்கம் பெறத் தக்கவை என முன்னர் எண்ணியோர் பிழையாக எண்ணவில்லை; பதக்கத்துக்குக் காலோடு வண்டியும் பணமும் பயிற்சிப் பாதையும் வேண்டும் என்பதும் இதனாற் புலப்பட்டது. வின்ஸ்ரன் வற்ஸ் 2014ஆம் ஆண்டு, தமது நாற்பத்தாறாவது வயதிலே, பொதுமக்கள் அளித்த நன்கொடையின் துணையுடன் உருசியாவின் சோச்சி நகருக்குச் சென்று இருவர் வண்டியைச் செலுத்தினார். 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங் நகரிலே யமேக்காப் பெண்கள் அணி முதன்முதலாகப் போட்டியிட்டது. ஆபிரிக்காவின் முதலாவது பனிச்சறுக்கு வண்டி அணியாக நைஜீரியப் பெண்கள் வந்ததும் அதே விழாவிலாம். 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில், இருபத்து நான்கு ஆண்டுகளின் பின், யமேக்காவின் நால்வர் வண்டி மீண்டும் ஒலிம்பிக் பாதையில் இறங்கியது. இருபத்தெட்டு வண்டிகளுள் இருபத்தெட்டாம் இடமே கிடைத்தது.

ஈற்றிடம் பெற்றதை எவரும் வெற்றி என்று கூறார். யமேக்கா வீரரும் அவ்வாறு கூறியதில்லை. வெறும் பங்குபற்றலே போதும் என்று அவர்கள் அமைந்திருந்தால், கல்கரியிலே கேட்ட கரவொலியோடு வீடு திரும்பியிருப்பர், புகழுக்கும் குறைவிருந்திராது. அவர்கள் திரும்பிச் சென்றது கரவொலியை நாடியன்று. நிறைவுசெய்யாது விட்ட நான்காம் ஓட்டத்தை நாடியே. கல்கரியில் மக்கள் அளித்தது அன்பு. லில்லஹாமரில் அவர்கள் தாமே ஈட்டியது மதிப்பு. அன்பு ஒரு நாளிலே கிடைத்தது. மதிப்புக்கு ஆறு ஆண்டுகள் சென்றன.

யானைக்கும் அடி சறுக்கும் என்ற பழமொழி யானை சறுக்கியதை மட்டுமே சொல்லிற்று. சறுக்கிய யானை எழுந்து எத்துணைத் தூரம் நடந்தது என்பதை அறிய விரும்புவோர், கல்கரியோடு நில்லாது லில்லஹாமரின் முடிவுப் பட்டியலிலே பதினான்காம் வரியையும் படித்தல் வேண்டும்.