பெட்டகம் பிறரிடம், திறவுகோல் நம்மிடம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இக்காலனியில் வாழ்வோருள் பலர் அரசுப் பணியின் பொருட்டே ஊரைவிட்டு வந்தவர்கள். நம் பிறப்புச் சான்றும் ஓய்வூதியக் கணக்கும் முன்னாளில் அலுவலக அலமாரிகளில் உறங்கின. இன்று அவை கணிப்பொறிகளில் உறைகின்றன. அப்பொறிகள் அனைத்தும் அரசுக்கே உரியவை அல்ல. ‘மேக்ராஜ்’ என்னும் திட்டத்தின்கீழ், தனியார் மேகக் கணிமை நிறுவனங்களையும் தணிக்கை செய்து பட்டியலிட்டு, அவற்றின் சேவையை அரசுத் துறைகள் பெறுமாறு இந்திய அரசு வழிசெய்துள்ளது. மேகம் என்றதும் வானத்தை நோக்க வேண்டா. பிறர் கட்டடத்தில் பலர் பங்கிட்டுக்கொள்ளும் பொறிகளே அவை.

வாடகை வீட்டில் நகைப் பெட்டியை வைக்கிறோம். வீட்டுக்காரர் நல்லவரே, அதற்காகப் பெட்டியைப் பூட்டாது விடுவோமா? அந்தப் பூட்டுக்கு ஒப்பானதே மறையாக்கம். திறவுகோல் உடையாரன்றிப் பிறர் படிக்க இயலாதவாறு செய்திகளை உருமாற்றும் கலை அது.

இன்று பெரிதும் வழங்கும் முறை ‘ஏ.இ.எஸ்.’ என்பது. பெல்ஜிய அறிஞர் டேமன், ரைமன் ஆகிய இருவர் வகுத்த இதனை 2001-இல் அமெரிக்கத் தர நிறுவனம் ஏற்றது. இதன் செய்முறை எவரும் படிக்குமாறு வெளியிடப்பட்டுள்ளது. பூட்டின் அமைப்பைப் பகைவன் அறிந்தாலும் கேடில்லை, திறவுகோல் மறைவாயிருந்தால் போதும் என்பது 1883-இலேயே கெர்க்காஃப்ஸ் வகுத்த நெறி.

ஆகவே, “பூட்டியிருக்கிறதா?” என்று கேட்பது மட்டும் போதாது; “திறவுகோல் யாரிடம்?” என்றும் கேட்டல் வேண்டும். பெட்டியைக் காக்கும் நிறுவனத்திடமே திறவுகோலும் இருப்பின், அதன் ஊழியரோ, அதனுள் நுழைந்த கள்வரோ திறக்கக்கூடும். தனிக் காப்புக் கருவியில் அரசுத் துறையே அதனை வைத்திருப்பின், களவு போவது பொருளற்ற எழுத்துக் குவியலே. ஆனால் திறவுகோல் தொலைந்தால் உரியவர்க்கும் ஏடு திறவாது. எனவே அதற்கு மாற்றுப்படி வேண்டும். பொறுப்பும் ஒருவரிடமே குவிதல் ஆகாது.

மறையாக்கம் அனைத்தையும் காத்துவிடும் என்று மயங்குதலும் தவறு. கம்பி வழிச் செல்லும்போதும், கிடங்கில் கிடக்கும்போதும் அது காக்கும். பணிக்காகத் திறந்த ஏட்டைப் பெரும்பாலும் காவாது. அலுவலரின் கடவுச்சொல் பிறர் கைக்குப் போனால், எத்துணை வலிய பூட்டும் தானே திறக்கும்.

அரசு ஏட்டில் இருப்பது வெறும் எண் அன்று. ஒரு விதவையின் ஓய்வூதியம், ஒரு நோயாளியின் மறை. அலுவலகத்தில் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஒட்டுவதையும், நண்பருக்குக் கடன் கொடுப்பதையும் இன்றே நிறுத்துவோம். பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த திறவுகோல் அது.