தேனும் இருதயமும்

(மணவூரில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



தேனீ வளர்ப்பைப் பற்றிப் பேச நாம் செல்லும் கிராமங்களிலெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. “தேன் இருதயத்திற்கு நல்லதாமே! அதைத் தினமும் சாப்பிட்டு, இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?” என்கிறார்கள். இக்கேள்வியின் முற்பகுதியில் ஓரளவு உண்மை உண்டு. பிற்பகுதியோ உயிருக்கே ஆபத்தானது.

கரும்பு விளைவிக்கும் நமக்குச் சர்க்கரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தேனிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கு சர்க்கரையே. மீதியில் பெரும்பகுதி நீர். எஞ்சிய சொற்ப அளவில்தான் பூக்களிலிருந்து வந்த பாலிஃபீனால் என்னும் பொருள்கள் உள்ளன. தேனீக்கள் கூட்டின் இடுக்குகளை அடைக்கும் பிசினில் இவை இன்னும் மிகுதி. இரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்பு கெட்டுப் படிவதை இவை தடுக்கக்கூடும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகளும் எலிகளிடத்துச் செய்த சோதனைகளும் காட்டுகின்றன.

மனிதரிடத்துப் பலன் என்ன? கனடா நாட்டு டொரான்டோ பல்கலைக்கழகத்தார், 1,100 பேருக்கு மேல் பங்குகொண்ட 18 சோதனைகளைத் தொகுத்து 2022-ல் வெளியிட்டனர். நாளொன்றுக்குச் சுமார் 40 கிராம் தேன் உண்டவர்களுக்குத் தீய கொழுப்பு சிறிது குறைந்தது. நல்ல கொழுப்பு சிறிது உயர்ந்தது. காய்ச்சாத தேனில் பலன் அதிகம். ஆனால், தேன் மாரடைப்பைத் தடுக்கும் என்று இவை நிரூபிக்கவில்லை.

ஆகவே, சர்க்கரைக்குப் பதிலாகத் தேனைக் கொள்ளலாம்; சர்க்கரையோடு கூடுதலாக அன்று. நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்ட பின்னரே உண்ண வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாவில் தேன் தடவுவதும் கூடாது. மாத்திரையை ஒருபோதும் தாமாக நிறுத்தலாகாது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மூலம் அது வீட்டிற்கே வருகிறது.

இன்னுமொன்று. 2020-ல் தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 வணிகப் பெயர்களில் விற்ற தேனைச் சோதித்தது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே! பெரும்பாலானவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருந்தது. பாகில் பூவின் சத்து ஏது?

நம் கண்ணெதிரே எடுத்த தேனே நம்பத்தக்கது. தோட்டத்தில் இரண்டு தேனீப் பெட்டிகள் வையுங்கள். பூத்திருக்கும் வேளையில் பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிருங்கள். வீட்டிற்குச் சுத்தமான தேன் கிடைக்கும். தேனீக்கள் நாடும் பயிர்களில் காய்ப்பும் கூடும். தேன் நமக்கு நல்ல உணவாக இருக்கட்டும். மருந்தை வைத்தியரிடம் விடுவோம்.