களைக்கொல்லியும் கடைத்தெருவும்

(மும்பை மாட்டுங்காவில் தமிழன்பர்களிடையே ஆற்றிய உரை)



ரசாயனத்தைப் பற்றிப் பேச மாட்டுங்கா தகுந்த இடமே. பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1933ஆம் ஆண்டில் தோற்றுவித்த ரசாயனத் தொழில்நுட்பத் துறை, இன்று தனிக் கல்விக் கழகமாக இங்கேதான் இயங்கி வருகிறது. ஆயினும் நான் பேச வந்தது ஆய்வுக்கூடத்தைப் பற்றியன்று. நம்மில் பலருடைய உறவினர் உழுதுவரும் காவிரிப் படுகையின் மருந்துக் கடைகளைப் பற்றி.

பயிரை விடுத்துக் களையை மட்டும் அழிப்பதே தேர்திறன் களைக்கொல்லி. இது மாயமன்று. புரோப்பனில் என்ற மருந்தை நெற்பயிர் தன்னிடமுள்ள ஒரு நொதியால் சிதைத்துவிடுகிறது. நெல்லைப் போலவே தோன்றும் குதிரைவாலிப் புல்லில் அந்நொதி போதிய அளவு இல்லாமையால் அது மடிகிறது. அளவோ பருவமோ தவறினால் பயிரும் கருகும்.

பிரெட்டிலாகுளோரை எடுத்துக்கொள்வோம். அதன் 50 சதவீத மருந்து நடவு வயலுக்கு உரியது. சேற்றில் நேரடியாக விதைத்த வயலுக்கோ, முளைக்கும் நெல்லைக் காக்கும் ஃபென்குளோரிம் என்ற காப்புப்பொருள் சேர்ந்த 30 சதவீத மருந்தே வேண்டும். காவிரி நீர் தாமதமாகும் ஆண்டுகளில் விவசாயிகள் பலர் நடவை விட்டு நேரடி விதைப்புக்கு மாறுகின்றனர். அப்போது கடையில் முதல் வகை மட்டுமே இருந்து, 'இரண்டும் ஒன்றுதான்' என்று சொல்லிக் கொடுத்தனுப்பினால், களையோடு நெல்லும் போகும். விதைத்த மூன்று, நான்கு நாளில் இட வேண்டிய மருந்தைத் தேடி அடுத்த ஊருக்கு அலைய விவசாயிக்கு அவகாசம் ஏது?

மானாவாரி நிலத்தில் இடர் வேறு. சோளத்துக்கு அட்ரசின் ஏற்றதே. ஊடுபயிரான தட்டைப்பயற்றை அது விட்டுவைக்காது. பயறும் சேர்த்து விதைப்பவர் பெண்டிமெத்தலின் கேட்டு வாங்க வேண்டும். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் ஒரு சங்கடமே.

ஒரே மருந்தையே நம்பியிருப்பதும் நன்றன்று. பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரானை ஆண்டுதோறும் தெளித்ததன் விளைவாக, 'குல்லி டண்டா' என்ற களை 1990களின் தொடக்கத்தில் அம்மருந்துக்கு அடங்காததாயிற்று.

1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் களைக்கொல்லியையும் கட்டுப்படுத்துகிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003ஆம் ஆண்டில் இடுபொருள் வணிகருக்கென ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது; நற்பணி. எனினும், படித்த வணிகரும் விலைபோகாத சரக்கில் முதலை முடக்க மாட்டார். எந்தக் கிராமம் நேரடி விதைப்புக்கு மாறுகிறது என்பதை முதலில் அறிபவர் உதவி வேளாண்மை அலுவலர். அச்செய்தி ஜூன் மாதத்திலேயே கூட்டுறவுச் சங்கத்துக்கும் கடைகளுக்கும் எட்டினால், சம்பா விதைப்பின்போது உரிய மருந்து அலமாரியில் இருக்கும்.