அச்சு நூலுக்கு வரியில்லை. மின்னூலுக்கு மட்டும் ஏன்?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் வரியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று செயலாளர் அவர்களிடம் கூறியபோது அவர் சற்றே தயங்கினார். "கல்வியைப் பற்றிப் பேசுங்கள், ஐயா" என்றார். "கல்வியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்" என்றேன். அதற்குக் காரணம் நம் படிப்பகத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியாகும்.

அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக் கொண்டிருந்த மாணவி ஒருத்தி சில திங்களுக்கு முன் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். ஒரு மின்னூலைப் பதிவிறக்கம் செய்ததற்கான ரசீது அதில் இருந்தது. "ஐயா, இதன் முதல் பாகம் அச்சு நூலாக நம் அலமாரியில் இருக்கிறது. அதை வாங்கிய ரசீதில் வரி இல்லை. இரண்டாம் பாகத்தைக் கைப்பேசியில் வாங்கினேன். இதற்கு மட்டும் வரி போட்டிருக்கிறார்களே, ஏன்?" என்று வினவினாள். அப்பொழுதே விடை கூற என்னால் இயலவில்லை. விடை தெரியாத வினாவை ஆசிரியன் வீட்டிற்கு எடுத்துச் சென்று படிக்க வேண்டும். அவ்வாறு படித்ததன் பயனே இன்றைய என் உரை.

பதிவிறக்கத்திற்கு விற்பனை வரி கூடாது என்று சிலர் கூறுகின்றனர். கண்ணால் காணவும் கையால் தொடவும் இயலாத ஒன்றைச் சரக்கு எனக் கருதி வரி விதிக்கலாமா என்பது அவர்களது கேள்வி. இக்கேள்வி நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. ஆந்திர மாநில அரசுக்கும் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்திற்கும் இடையே நடந்த வழக்கில், வட்டில் பதிந்து விற்கப்படும் கணிப்பொறி மென்பொருளும் சரக்கே. அதற்கு விற்பனை வரி செல்லும் என்று 2004-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் தீர்ப்பளிக்கப்பட்டது. இன்று வட்டும் மறைந்துவிட்டது. பண்டம் கம்பி வழியாகவும் காற்றின் வழியாகவும் வந்து சேருகிறது. 2017 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் இத்தகைய பதிவிறக்கங்களைச் சேவை எனக் கொண்டு வரி விதிக்கிறது. கடல் கடந்த நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. அவை நம் நாட்டுத் தனி நுகர்வோருக்கு இணையத்தின் வழியாக விற்பவற்றின் மீது 2016 டிசம்பர் முதல் நாளிலிருந்தே சேவை வரி விதிக்கப்பட்டது.

இவ்வரி நியாயமானதே என்பது என் கருத்து. நம் கடைத்தெருவில் சிறு கடை வைத்திருப்பவர் வரி கட்டி வியாபாரம் செய்ய, திரைப்படத்தையும் விளையாட்டையும் மென்பொருளையும் உலகெங்கும் விற்கும் பெரும் நிறுவனம் வரியின்றிப் பொருள் ஈட்டுவது முறையன்று. வாங்குபவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநிலத்திற்கும் இவ்வரியில் பங்கு உண்டு. அப்பங்கு கருவூலத்தை அடைந்து, பள்ளிக் கட்டடமாகவும் மதிய உணவாகவும் விடுதியாகவும் நம்மிடம் திரும்பி வருகிறது. பட்டியல் சாதி மாணவர்க்கு 1944-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மேற்படிப்பு உதவித்தொகை இல்லாவிடில், இந்த அவையில் அமர்ந்திருக்கும் பட்டதாரிகளுள் எத்தனை பேர் பட்டம் பெற்றிருப்பர்? அரசின் கருவூலம் வற்றினால் முதலில் நலிபவர் நாமே. ஆகவே, வரியே வேண்டாம் என்று முழக்கமிடுவது நமக்கு உகந்ததன்று.

இவ்விடத்தில் இளைஞர்களுக்கு ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறேன். நாம் அரசிடம் சலுகை பெறுபவர்கள், வரி கட்டுபவர்கள் வேறு யாரோ என்று சிலர் ஏளனம் செய்வதுண்டு. வருமான வரி கட்டுவோர் சிலரே. ஆனால், பண்டங்களின் விலையிலேயே அடங்கியிருக்கும் வரி எவரையும் விட்டுவைப்பதில்லை. கூலி வேலை முடித்து வரும் தாய் வாங்கும் சோப்பிலும் பற்பசையிலும் 2025 செப்டம்பர் 22-ஆம் நாள் முதல் 5 விழுக்காடு வரி உள்ளது. அதற்கு முன் 18 விழுக்காடு இருந்தது. கோடீசுவரரும் அதே சோப்புக்கு அதே வரியைத்தான் கட்டுகிறார். ஆயின், நூறு ரூபாய் ஈட்டுபவரிடமிருந்து போகும் ஒரு ரூபாயும், இலட்சம் ஈட்டுபவரிடமிருந்து போகும் ஒரு ரூபாயும் ஒன்றாகுமா? நீங்கள் பெறும் உதவித்தொகை எவரும் இட்ட பிச்சையன்று. அதில் உங்கள் தாயின் உழைப்பும் இருக்கிறது. எனவே, எதற்கு எவ்வளவு வரி என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

அண்ணல் அம்பேத்கர் அவர்களை நாம் சட்ட மேதையாக அறிவோம். அவர் பொது நிதியியலிலும் பேரறிஞர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி வளர்ந்த வரலாற்றை, 1833 முதல் 1921 வரை, கணக்கு வழக்குகளோடு ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1925-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர் அரசின் வரவு செலவுக் கணக்கைக் கையிலெடுத்துக் கேள்வி கேட்டார். அந்த வழியில் வந்த நாம் ஒரு ரசீதைக் கூடப் படிக்காமல் கிழித்தெறியலாமா?

நம் தமிழகம் விற்பனை வரிக்குப் புதியதன்று. மதுவிலக்கினால் ஏற்பட்ட வருவாய் இழப்பை ஈடுகட்ட, இராஜாஜி அவர்களின் அமைச்சரவை 1939-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. பின்னர், 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 286-ஆம் பிரிவு ஒரு நல்ல நெறியை வகுத்தது. சமுதாய வாழ்வுக்கு இன்றியமையாதவை எனப் பாராளுமன்றம் சட்டத்தால் அறிவிக்கும் பண்டங்களின் மீது மாநிலங்கள் விற்பனை வரிச் சட்டம் இயற்றினால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இன்றி அது செல்லாது என்று அன்று விதிக்கப்பட்டது. வாசகம் பின்னர் மாறினும், எல்லாப் பண்டமும் ஒரே தன்மையுடையதல்ல என்ற கருத்து மாறவில்லை. அந்நெறிப்படியே இன்றும் அச்சிட்ட நூலுக்கு வரி இல்லை. 2025 செப்டம்பரில் மாணவர்களின் குறிப்பேடு, பென்சில், அழிப்பான், நிலப்படம் ஆகியவற்றுக்கும் வரி நீக்கப்பட்டது. இதனை நாம் மனமுவந்து பாராட்ட வேண்டும்.

இனி மின்னூலின் நிலையைப் பார்ப்போம். 2018 ஜூலைத் திங்கள் இறுதியில், அச்சில் வெளிவந்த நூலின் மின்வடிவத்திற்கு வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அச்சு வடிவம் இல்லாமல், மின்வடிவில் மட்டும் வெளிவரும் நூலுக்கு இச்சலுகை இல்லை. அதற்கு 18 விழுக்காடு. கணக்கிட்டுப் பாருங்கள். 200 ரூபாய் விலையுள்ள நூலை அச்சில் வாங்கினால் வரி ஏதுமில்லை. அதன் மின்வடிவத்தை வாங்கினால் 10 ரூபாய். அச்சேறாத மின்னூலாயின் 36 ரூபாய். எழுத்து ஒன்றே; அறிவு ஒன்றே; வரியோ மூன்று வகை!

இத்துடன் முடியவில்லை. மின்னூல் படிக்கக் கைப்பேசி வேண்டும். அதற்கு 18 விழுக்காடு வரி. இணையத் தொடர்பு வேண்டும். 118 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் 18 ரூபாய் வரி. அச்சு நூலை அண்ணன் படித்தபின் தங்கை படிக்கலாம், படிப்பகத்திற்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம். விலை கொடுத்து வாங்கும் மின்னூலிலோ பெரும்பாலும் படிக்கும் உரிமம் மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. அதனை மற்றொருவருக்கு விற்க இயலாது. குறைந்த உரிமைக்குக் கூடுதல் வரி என்பது எவ்வகை நீதி?

18 விழுக்காடு யாரைத் தாக்குகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். பெயர் பெற்ற எழுத்தாளரின் நூல் அச்சில் வந்துவிடுகிறது. அச்சுக்கூலி கொடுக்க வழியில்லாத நம் இளைஞன், தன் ஊரின் வரலாற்றையோ தன் பாட்டியின் வாழ்க்கையையோ எழுதி, மின்னூலாக மட்டும் வெளியிடுகிறான். ஆண்டு விற்றுமுதல் 20 இலட்சத்திற்கு உட்பட்ட சிறியவர்கள் தாமே நேரில் விற்கும்போது பொதுவாக வரிப் பதிவு வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆனால், வாசகர் கூடும் பெரிய நிறுவனம் அந்நூலைத் தானே விற்கும்போது வரி வந்து சேருகிறது. அச்சிடப் பணம் இல்லாதவனின் நூலுக்கே மிகுந்த வரி என்ற நிலை இதனால் உண்டாகிறது.

நம் முன்னோரை நினைத்துப் பாருங்கள். இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய வார இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்' என்பதாகும். விலையையே இதழின் பெயராகச் சூட்டினார்! ஏழையின் கைக்கு எட்டும் விலையில் எழுத்து கிடைக்க வேண்டும் என்ற கொள்கையை அப்பெயரே பறைசாற்றியது. அன்று ஒரு பைசா இதழ் செய்த பணியை இன்று மலிவான மின்னூல் செய்ய இயலும். அதன் தலையில் வரிச்சுமையை ஏற்றலாமா?

எதிர்த்தரப்பின் கூற்றையும் நாம் கேட்க வேண்டும். மின்னூலுக்கு முழு விலக்கு அளித்தால், விளம்பரத்தையும் படக்காட்சியையும் நூல் என்று பெயரிட்டு வரி ஏய்ப்பார்கள் என்பர். அச்சம் நியாயமானதே. அதனால்தான் அச்சு வடிவம் வேண்டும் என்ற நிபந்தனை எளிதான அளவுகோலாகத் தோன்றியிருக்கக்கூடும். ஆனால், இதற்கு வேறு வழி உண்டு. இங்கிலாந்தில் 2020 மே முதல் நாளிலிருந்து மின்னூலுக்கும் அச்சு நூலைப் போலவே மதிப்புக் கூட்டு வரி இல்லை. பாதிக்கு மேல் விளம்பரமாக இருப்பவற்றுக்கும், ஒலியும் படக்காட்சியும் மேலோங்கியவற்றுக்கும் அவ்விலக்கு கிடையாது. அங்கு உள்ளடக்கமே அளவுகோல். ஐரோப்பிய ஒன்றியமும் 2018-ஆம் ஆண்டின் இறுதியில், மின்னூலுக்கு அச்சு நூலைப் போன்றே குறைந்த வரி விதித்துக்கொள்ளத் தன் உறுப்பு நாடுகளுக்கு இசைவளித்தது. பிறர் செய்ததை நம்மால் செய்ய முடியாதா?

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் புலவர் பிசிராந்தையார் கூறிய அறிவுரையை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாளைக்கு உணவாகும். யானையே வயலில் புகுந்தாலோ, உண்பதைவிட மிதிபட்டு அழிவது மிகுதி என்றார். நம் ஒன்றிய நிதியமைச்சரும் 2019-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்ட உரையில் இப்புலவரை எடுத்துக்காட்டினார். நூல்களின் மீது விதிக்கும் வரியைப் பற்றியும் நான் அதையே சொல்வேன். அது கருவூலத்திற்குள் சேர்ப்பதைவிட, படிப்பார்வத்தை மிதிப்பதே மிகுதியாகும்.

ஆகவே, என் முடிவு இதுதான். பதிவிறக்கத்திற்கு வரி உண்டு. ஆனால், வரி பண்டத்தைப் பார்த்து விதிக்கப்பட வேண்டும், அது வந்த வழியைப் பார்த்து அன்று. கடையில் வரியுள்ளது கைப்பேசியிலும் வரியுடன் வரட்டும். கடையில் வரியில்லாத நூல், கைப்பேசியிலும் வரியின்றி வரட்டும்.

இளைஞர்களே! நீங்கள் செய்ய வேண்டியவை சில. எதை வாங்கினாலும் ரசீதைக் கேட்டுப் பெற்று, வரி எவ்வளவு என்று படியுங்கள். விலையின்றிக் கிடைப்பவற்றை முதலில் பயன்படுத்துங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998-ஆம் ஆண்டு முதல் இயங்கும் மதுரைத் திட்டத்திலும் அரிய தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வரி விகிதங்களைப் பரிந்துரைக்கும் மன்றத்தில் வாக்கு வலிமையில் மூன்றில் இரு பங்கு மாநிலங்களுக்கு உரியது. நம் மாநில அமைச்சரும் அதில் உறுப்பினர். நூல்களுக்கு இருக்கும் விலக்கை மின்னூல்களுக்கும் அளிக்க வேண்டும் என்று இச்சங்கம் தீர்மானம் நிறைவேற்றி, அவருக்கு அனுப்ப வேண்டும் என முன்மொழிகிறேன். அத்தீர்மானத்தின் வரைவை, என்னைக் கேள்வி கேட்ட அந்த மாணவியே எழுதட்டும்.

கேள்வி கேட்பவரை உருவாக்கவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்திருக்கிறது. அப்பணி மேலும் செழிக்கட்டும்.

ஜெய் பீம்!